எண்ணெய்க்குப் பிடிக்கும் விளக்கைக் கிணற்றுக்கும் பிடியுங்கள்

கிழக்கிலங்கையில் திருக்கோவிலை அடுத்த வினாயகபுரம் போன்ற கரையோர மணல் ஊர்களில் கிணற்று நீர் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அது கீழே நாற்பது அடி வரை உவரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே குறைந்தால் கீழே உவர் ஏறும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்தது பல இடங்களில் தொல்லையைக் கூட்டவே செய்தது.

அடியில் இருப்பது என்ன என்று அறியாமல் தோண்டுவதை எண்ணெய்த் துறை எப்போதோ விட்டுவிட்டது. 2011இல் மன்னார்க் கடலில் கெயார்ன் லங்கா நிறுவனம் எரிவாயு கண்டது போன்ற ஆழ்துளைகளில், பாறைத் துளைகளில் உள்ளது நீரா, எண்ணெயா, வாயுவா என்பதுதான் கோடிக்கணக்கான பணத்தின் தலைவிதி. அதற்கு விடை தரும் முறைகளில் ஒன்று அணுக்காந்த ஒத்திசைவு. ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கானும் இதே பௌதிகந்தான். 1946இல் இதை நிறுவிய பிளொக், பேர்செல் இருவருக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது.

காந்தப்புலத்தில் ஒழுங்காகும் ஹைட்ரஜன் அணுக்கருக்களை றேடியோத் துடிப்பு கலைக்கிறது. அவை திரும்பி அடங்கும்போது எழும் சமிக்ஞையின் வலிமை, திரவம் எவ்வளவு என்று சொல்லும். அடங்கும் நேரம், அது களியில் சிக்கியதா, இறைத்தால் வருமா என்று சொல்லும். மணற்கல்லில் சுமார் 33 மில்லிசெக்கனுக்குள் அடங்குவதை இறைக்க முடியாத நீராகவே பொதுவாகக் கணக்கிடுவார்கள். வாயுவில் ஹைட்ரஜன் செறிவு குறைவு. அதனால் இம்முறை காட்டும் துளைவெளி, பாறையின் அடர்த்தி அளவீடு காட்டுவதைவிடச் சுருங்கிவிடும். அந்த வித்தியாசமே வாயுவைக் காட்டிக்கொடுக்கும்.

நீரை அளக்க இதே முறையில் இன்னும் எளிய வழி உண்டு. துளையிடவே தேவையில்லை.

தரையில் கம்பி வளையத்தை விரித்து, பூமியின் சொந்தக் காந்தப்புலத்தையே பயன்படுத்தி நிலத்தடி நீரை அளக்கும் கருவியை சோவியத் விஞ்ஞானிகள் நோவோசிபிர்ஸ்க்கில் உருவாக்கினார்கள். பின்னர் பிரெஞ்சு நிபுணர்கள் அதை ஆபிரிக்காவின் வறண்ட நிலங்களுக்குக் கொண்டு சென்றார்கள்.

குறைகளும் உண்டு. உவரையும் நன்னீரையும் இது தனித்துப் பிரித்துக் காட்டாது. மின்தடை அளவீடும் சேர வேண்டும். மின்கம்பிகளின் இரைச்சலும், காந்தத் தாதுக்கள் கலந்த கருமணலும் அளவீட்டைக் குழப்பலாம். ஆகவே இந்தக் கரையில் சோதித்துப் பார்க்காமல் முழுமையாக நம்பவும் கூடாது.

அந்தச் சோதனையை நீர்வளச் சபையும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கூட்டாகத் தொடங்கலாம். இனி இக்கரையில் ஆழ்குழாய்க் கிணற்றுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன், நன்னீர் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்ற அளவீட்டை அதிகாரிகள் கேட்டுப் பெற வேண்டும்.