அண்ணாச்சி கடையும் ஊர்க் கிறிஸ்துமஸும்



டிசம்பர் பிறந்தால் நம்ம தூத்துக்குடியில் எது முதலில் வருகிறது? மழையா, கிறிஸ்துமஸா? இரண்டுமே இல்லை. ரசீதுப் புத்தகம்தான் முதலில் வருகிறது! தெருவுக்கு ஒரு இளைஞர் குழு, குழுவுக்கு ஒரு புத்தகம். பலசரக்குக் கடை, மருந்துக் கடை, ஜவுளிக் கடை, பேக்கரி என்று ஒவ்வொன்றாகப் படியேறி, "அண்ணாச்சி, இந்த வருஷம் குடில் பெரிசா போடுறோம், பார்த்துச் செய்யுங்க" என்று நிற்கிறவர்களில் நம் பாலிடெக்னிக் பையன்களும் உண்டு. அண்ணாச்சி கல்லாவைத் திறக்கிறார். பத்தே நாளில் தெருமுனையில் ஒரு வளைவு எழும்புகிறது. கடையின் பெயர் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. "கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்" என்பதோ அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவுக்கு!

இதைப் பற்றி நம் ஹாஸ்டலில் பேச்சு எடுத்தால் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "வியாபாரி வியாபாரத்தைப் பார்க்கட்டும், ஊர் விழாவில் அவருக்கு என்ன வேலை? எல்லாம் விளம்பரம்" என்பது ஒரு கட்சி. "யார் காசு கொடுத்தா என்ன, விழா ஜோரா நடந்தா சரிதானே" என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டோடும் உடன்பாடு இல்லை. கடைக்காரர் விழாவுக்குள் வரத்தான் வேண்டும். ஆனால் கல்லாப்பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் போதாது, தன் தொழிலோடு வர வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. கடை இல்லாமல் கிறிஸ்துமஸ் ஏது? கிறிஸ்துமஸ் என்றதும் கேக் என்கிறோமே, அந்தக் கேக் நம் பக்கத்து மண்ணில் எப்படிக் கால் ஊன்றியது தெரியுமா? கேரளத்தில் தலைச்சேரி என்று ஓர் ஊர். அங்கே மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுக்கொண்டு வந்து 1880-ல் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். 1883-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால், அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தை நடத்திய பிரவுன் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கை அவரிடம் கொடுத்து, "இதுபோலச் செய்ய முடியுமா?" என்று கேட்டாராம். பாப்பு அதுவரை கேக் செய்தவர் அல்ல. கிறிஸ்தவரும் அல்ல. ஆனாலும் "பார்ப்போம்" என்று இறங்கினார். கேக்குக்கு அச்சு வேண்டுமே? பக்கத்துத் தர்மடத்துக் கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கினார். மாஹேயில் பிரெஞ்சு பிராந்தி வாங்கி ஊற்றச் சொல்லியிருந்தார் துரை. இவரோ முந்திரிப் பழத்தையும் வாழைப்பழத்தையும் வைத்து உள்ளூரிலேயே வடித்ததைச் சேர்த்தார். ருசி பார்த்த துரை இன்னும் ஒரு டஜன் கேக்குக்கு ஆர்டர் கொடுத்தார் என்று தலைச்சேரிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

மெக்கானிக்கல் மாணவர்களே, அந்தக் கொல்லரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! யாரோ கொண்டாடும் பண்டிகை, யாரோ தின்னப் போகும் பண்டம். அதற்கு ஒரு அச்சு அடித்துக் கொடுத்தார் அவர். அவர் பெயர் எந்த வளைவிலும் எழுதப்படவில்லை. ஆனால் அவர் கைவேலை இல்லாமல் அந்தக் கேக் இல்லை. பங்கு என்றால் இதல்லவா பங்கு?

"சரிப்பா, அது பழைய கதை. இன்னைக்கு மதம் பார்க்காம யாரு செய்றா?" என்று கேட்பீர்கள். கொல்கத்தாவைப் பாருங்கள். அங்கே நியூ மார்க்கெட்டுக்குள் நஹூம் என்ற பேக்கரி இருக்கிறது. பாக்தாத்திலிருந்து வந்த ஒரு யூதர் 1902-ல் தொடங்கிய தொழில். கொல்கத்தாவில் இன்று யூதர்கள் மிகச் சிலரே. ஆனாலும் டிசம்பர் வந்தால் அந்தக் கடை வாசலில் பழக் கேக்குக்கு நீண்ட வரிசை நிற்கிறது. கடை யூதருடையது, உள்ளே மாவு பிசைந்து வேக வைக்கிறவர்களில் பலர் முஸ்லிம்கள், வரிசையில் நிற்பவர்களில் கிறிஸ்தவர்களைப் போலவே இந்துக்களும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் டிசம்பர் 25-ஐ 'பொரோ தின்', அதாவது பெரிய நாள் என்றே சொல்கிறார்கள். யாருக்குப் பெரிய நாள் என்று அவர்கள் பிரித்துச் சொல்வதில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது அதே ஊரின் தால்தலாப் பக்கத்துச் சின்னச் சின்ன பேக்கரிகளின் வழக்கம். பெரும்பாலும் முஸ்லிம்கள் நடத்தும் ரொட்டிக் கடைகள் அவை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கிறிஸ்தவக் குடும்பங்கள் மைதா, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, ஊற வைத்த பழம் எல்லாவற்றையும் தங்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு அங்கே போகிறார்கள். குடும்பத்தின் கைப்பக்குவம் என்னவோ அதன்படியே கடை ஆட்கள் கலந்து, தங்கள் அடுப்பில் வேக வைத்துக் கொடுக்கிறார்கள். கூலி வாங்கிக்கொள்கிறார்கள், இலவசமாகச் செய்யவில்லை. ஆனால் பாட்டி காலத்துப் பக்குவம் ஒன்று அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறதே, அது அந்த அடுப்பு வழியாகத்தான் போகிறது. ஒரு கடை ஊர் விழாவில் இதைவிடப் பெரிதாக என்ன பங்கு எடுத்துவிட முடியும்? அங்கே ஃபிளெக்ஸும் இல்லை, மேடையும் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். தூத்துக்குடி என்றால் மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இந்த மூன்றே சரக்கு. கேட்கச் சுலபம், செய்து பார்த்தால்தான் தெரியும்! வெள்ளைக்கருவை நுரை நிற்கும் பதத்துக்கு அடிக்க வேண்டும். குறைந்த சூட்டில் நெடுநேரம் காய விட வேண்டும். மழைக் காற்று பட்டால் நமத்துப் போகும். நம் ஊரில் டிசம்பரோ மழைக் காலம். நான் இரண்டு டிசம்பர் மாதங்கள் ஒரு பேக்கரியில் பகுதி நேரமாகப் பாக்கெட் போட்டிருக்கிறேன். முதலாளி விபூதி பூசிய அண்ணாச்சி. மாஸ்டர் ஒரு முஸ்லிம் பாய். பாக்கெட் கட்டியதில் நாங்கள் எல்லா வகையும் உண்டு. இருபத்து நாலாம் தேதி ராத்திரி கோயில் மணி அடிக்கும்போதும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அங்கேதான் ஒன்று உறைத்தது. ஊரே கொண்டாடுகிற அந்த ராத்திரியில் கொண்டாட முடியாமல் நிற்பவர்கள் கடைப் பையன்கள்தான். அவர்களிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். பூசைக்குப் போக ஒரு மணி நேரம் கேட்டால், "இன்னைக்குத்தாம்லே சீசன், நாளைக்குப் போ" என்று சொல்கிற கடைகளும் நம் ஊரில் இருக்கத்தான் செய்கின்றன. தெருவில் பத்தாயிரம் ரூபாய்க்கு வளைவு வைத்துவிட்டு, உள்ளே வேலை செய்கிற பையனுக்கு ஒரு மணி நேரம் விடாத கடை, விழாவில் பங்கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? எங்கள் அண்ணாச்சி அந்த ராத்திரி கிறிஸ்தவப் பையன்களைப் பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டு, தானே கவுண்டரில் நின்று பார்சல் கட்டினார். அவர் வளைவு எதுவும் வைக்கவில்லை. எங்கள் தெருவில் அவரைப் பற்றிப் பேசாத வீடும் இல்லை.

முதலாளி தானே இறங்கி வருவதன் மதிப்புக்கு இன்னொரு சாட்சி உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்று ஒரு தொழில் நகரம். அங்கே ஜேம்ஸ் எட்கர் என்ற கடைக்காரர் 1890-ல் தானே கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டிக்கொண்டு கடைக்குள் நடமாடினார், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார். பெரிய கடைகளில் கிறிஸ்துமஸ் தாத்தா நிற்கும் வழக்கம் அவரிலிருந்து தொடங்கியதாகவே சொல்கிறார்கள். செய்தி பரவி வெளியூர்ப் பிள்ளைகளும் ரயிலேறி வந்தார்களாம். வியாபாரம் நடக்காமலா இருந்திருக்கும்? நன்றாகவே நடந்திருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது தன் நேரத்தை. அதை யாரும் விலைக்கு வாங்கி வளைவில் மாட்ட முடியாது.

"அப்போ விளம்பரமே கூடாதுங்கிறியா?" என்று நண்பர்கள் மடக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. இந்த மலரின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை கடை விளம்பரங்கள்! அவர்கள் கொடுத்த காசில்தான் நம் கதை, கவிதை, கட்டுரை எல்லாம் அச்சேறுகிறது. அது நேர்மையான கொடுக்கல் வாங்கல். இவ்வளவு காசு, இவ்வளவு இடம், அவ்வளவுதான். தகராறு எங்கே வருகிறது என்றால், விளம்பரம் தர்மத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போதுதான். ஒரு தெரு விழாவில் பார்த்தேன். ஏழைப் பிள்ளைகளுக்கு உடுப்புக் கொடுக்கிறோம் என்று ஒரு கடை அறிவித்திருந்தது. பிள்ளைகள் மேடையில் வரிசையாக நிற்கிறார்கள். கடைப் பெயர் போட்ட பையை எல்லோரும் நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். போட்டோ சரியாக விழவில்லை என்று கொடுத்த பையைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார்கள்! ஒரு சின்னப் பெண், கொடுத்ததைப் பிடுங்குகிறார்களோ என்று அழுதுவிட்டாள். மாட்டுக் கொட்டிலில் பிறந்த பிள்ளையின் பெயரால் நடக்கிற விழாவில் இது தேவையா?

பழியை எல்லாம் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பிக்கவும் கூடாது. ரசீதுப் புத்தகம் நீட்டுகிறவர்கள் யார்? பத்துப் பேர் கூட்டமாகப் போய் நின்றால் சின்னக் கடைக்காரர் என்ன செய்வார்? மனசாரக் கொடுக்கிறாரா, நாளைக்குத் தொந்தரவு வேண்டாம் என்று கொடுக்கிறாரா? கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை, கொடைவிழாவுக்கு ஒரு தடவை என்று அவர் கல்லாவில் எத்தனை கை? பயந்து கொடுத்த காசுக்குப் பதிலாகத்தான் அவரும் ஆள் உயரத்துக்குப் பெயர் போடச் சொல்கிறார். போட்ட காசை எடுக்க வேண்டாமா? நாம் காசு கேட்கும் முறைதான் அவரையும் அப்படி ஆக்குகிறது.

ஆகவே வரும் கிறிஸ்துமஸுக்கு நம் மாணவர் பேரவைக்குச் சில யோசனைகள்.

ஒன்று: கடைக்காரரிடம் காசு கேட்பதை விட்டு, அவர் தொழிலைக் கேட்போம். பேக்கரியிடம் கேக். பந்தல்காரரிடம் பந்தல். அச்சகத்தாரிடம் அழைப்பிதழ். தையல் கடைக்காரரிடம் நாடகத்து ஆட்டிடையர்களுக்கு உடுப்பு. "உங்களால் முடிந்ததை, உங்கள் கையால்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகமே மாறும்.

இரண்டு: எலக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் நன்கொடை வேண்டாம். விழா நாட்களுக்கு 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஒரு எர்த் லீக்கேஜ் பிரேக்கரை இரவல் கேட்போம். வைக்கோல் குடில், சொட்டும் மழை, முறுக்கிவிட்ட ஜாயின்ட், ஒரே பிளக்கில் நாலு சீரியல் செட். விபரீதத்துக்கு வேறு என்ன வேண்டும்? எந்த வளைவும் உயிரைக் காப்பாற்றாது, அந்தச் சின்னப் பெட்டி காப்பாற்றும். எலக்ட்ரிக்கல் பிரிவு மாணவர்கள், ஆசிரியர் மேற்பார்வையில், சுற்றுவட்டாரக் குடில்களின் ஒயரிங்கைப் பார்த்துக் கொடுக்கலாம். அது நம் தொழில், நம் பங்கு.

மூன்று: உதவிய எல்லாக் கடைகளின் பெயரையும் ஒரே பலகையில், ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் எழுதுவோம். ஐம்பதாயிரம் கொடுத்தவருக்கும் ஐம்பது மெழுகுவர்த்தி கொடுத்தவருக்கும் ஒரே எழுத்துதான். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கேமரா வேண்டாம்.

நான்கு: இருபத்து நாலாம் தேதி ராத்திரி கடைகளில் வேலை செய்கிற நம் மாணவர்கள் பலர். கிறிஸ்தவப் பையன்களைப் பூசைக்கு அனுப்ப, மற்றவர்கள் இரண்டு மணி நேரம் மாறி நிற்போம். ரம்சானுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் நமக்கு நிற்கட்டும். இதற்கு ஒரு பைசா நன்கொடையும் தேவையில்லை!

நண்பர்களே, டிப்ளமோ முடித்ததும் நம்மில் எல்லோருக்கும் கம்பெனி வேலை கிடைத்துவிடாது. பலர் ஒரு லேத், ஒரு வெல்டிங் செட், ஒரு சின்ன ஒர்க்ஷாப் என்றுதான் தொடங்குவோம். நாளைக்கு நம் கடை வாசலிலும் ரசீதுப் புத்தகத்தோடு பையன்கள் வந்து நிற்பார்கள். அப்போது கல்லாவைத் திறந்து ஒரு நோட்டை நீட்டி அனுப்பிவிடப் போகிறோமா? அல்லது, "குடிலுக்கு ஸ்டாண்டு நான் அடிச்சுத் தாரேன் தம்பி, அளவைச் சொல்லு" என்று வெல்டிங் கண்ணாடியை மாட்டப் போகிறோமா?

சிந்திப்போம்! இந்த டிசம்பரிலேயே தொடங்குவோம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு