பிணைச்சலுக்குக் கீழே பலகை இருக்கிறது

மாத்தளை கடல் இல்லாத மாவட்டம். ஆனாலும் படகு திருத்துவோருக்கு இங்கே வேலை உண்டு. கண்டலம, தேவஹுவ போன்ற பழைய குளங்களோடு 1981இல் போவதென்ன நீர்த்தேக்கமும் வந்தது. 2018இல் சுமார் 57 கோடி கன மீற்றர் நீர் கொள்ளும் மொறகஹகந்தையும் திறக்கப்பட்டது. ஆனால் சிறு படகு வேலையில் நம்மில் பலருக்குக் கைவந்த அறிவு கரையோரத்தில் பிறந்தது. பழைய படகின் பிணைச்சல் உடைந்து வரும்போது அந்த அறிவே நம்மை ஏமாற்றுகிறது.

கடலில் முதலில் போவது உலோகம். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், பித்தளைப் பிணைச்சலில் இரும்புத் திருகாணி பூட்டினால் திருகாணி விரைவில் கரைந்துவிடும். பித்தளையில் உள்ள நாகமும் கழன்று, சிவந்த பஞ்சுபோன்ற செம்பு மிஞ்சும். ஆனால் அதே உப்பு மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சணத்தை ஓரளவு அடக்கி வைக்கிறது. குளத்து நீரிலும் மழைநீரிலும் அந்தக் காவல் இல்லை. இங்கே உலோகம் தாக்குப்பிடிக்கும். அதைத் தாங்கும் பலகைதான் முதலில் உளுத்துப்போகும்.

மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளராது. முழுக்க நீரில் மூழ்கிய மரத்திலும் காற்று இல்லாததால் எளிதில் வளராது. நனைந்தும் காய்ந்தும் கிடப்பதே அதற்கு வாய்ப்பு. வறட்சியில் நீர் வற்றிப் படகு கரையேறுவதும், வடகீழ்ப் பருவமழையில் மறுபடி நனைவதும் நம் குளங்களின் வழமை. பைபர் தோலுக்குள் இருக்கும் ஒட்டுப்பலகைக்குத் திருகாணித் துளைதான் வாசல். பெட்டி மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் திருகாணி சற்று அசைகிறது. அடைப்புப் பசை விலகி, நீர் உள்ளே இறங்குகிறது.

ஆகவே, புதுப் பிணைச்சலை அதே துளையில், சற்றுத் தடித்த திருகாணியால் இறுக்கிக் கொடுப்பது திருத்தம் ஆகாது. கழற்றிய திருகாணியோடு கருத்த மரத்தூள் வருகிறதா என்று பாருங்கள். சுற்றிலும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்கும் இடம் முழுவதையும் திறக்க வேண்டும். ஈரம் துளையோரத்தோடு நின்றிருந்தால், துளையைப் பெரிதாக்கி, நனைந்த மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, தடிப்பாக்கிய எப்பொக்சியால் நிரப்புங்கள். அது இறுகிய பின்பே சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். துளையின் வாயைச் சற்று அகலச் சரித்துவிட்டால், அடைப்புப் பசை அங்கே வளையமாகத் தங்கி நீரைத் தடுக்கும். கை எட்டும் இடங்களில் திருகாணியைத் தவிர்த்து, பின்னால் தகடு வைத்து நட்டும் போல்ட்டும் பூட்டுங்கள்.

சுக்கான் பிணைச்சலுக்கு ஒரு கவனம் கூடுதலாக வேண்டும். மேலும் கீழும் உள்ள இரண்டு கண்களிலும் ஒரே நேரான கம்பியைச் செருகிப் பார்த்த பிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். கோடு பிசகினால் அந்தக் கண்களில் சுழலும் ஊசிகள் ஒரு பக்கமாகத் தேயும்.

உலோகத் தெரிவில் பெருஞ்செலவு தேவையில்லை. கடலுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும். நன்னீரில் 304 பெரும்பாலும் போதும். பிணைச்சலும் திருகாணியும் ஒரே உலோகமாக இருக்கட்டும். கரையோரத்திலிருந்து வாங்கிவந்த பழைய படகாயின், இடுக்குகளில் தங்கிய உப்பை முதலில் நன்னீரால் கழுவிவிடுங்கள்.

படகுக்காரர் கேட்பது பிணைச்சலின் விலையை மட்டும்தான். பலகைச் சோதனையை இலவசமாகச் செய்தால் அது அவசரகதி வேலையாகிவிடும்; செய்யாமல் விட்டால் படகு அடுத்த மழைக்குப் பின் அதே பழுதோடு திரும்பும். கூலிச் சீட்டில் அந்தச் சோதனையைத் தனியாகக் குறித்து, தனித் தொகையும் எழுதுங்கள். உளுத்த பலகையில் புதுப் பிணைச்சல் பூட்டச் சொல்லி வற்புறுத்துபவரிடம், அந்த வேலையை ஏற்க முடியாது என்று சொல்லத் தயங்கவேண்டாம்.