சுவரிடம் சொன்ன கதை

நமது அண்டை வீட்டு நண்பருக்குக் கலாசாலையில் படிக்கும் பெண் ஒருத்தி உண்டு. "மாமா!" என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் நமது வீட்டுப் படியேறினால், ஏதோ ஒரு புத்தகம் இரவல் போகப் போகிறது என்று அர்த்தம். இரவல் போன புத்தகங்களின் கதியைப் பற்றித் தனியாக ஒரு புராணமே பாடலாம். இன்று அதற்கு நேரமில்லை. ஏனென்றால், சில வாரங்களுக்கு முன்பு அவள் வந்தபோது புத்தகம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கற்றைத் துண்டுக் காகிதங்களை நமது மேஜைமேல் கொட்டிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"23 பேர், மாமா! 23 பேரும் 23 விதமாய் எழுதியிருக்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்கட்டும்?" என்றாள்.

விஷயம் இதுதான். அவளுடைய வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நாடோடிக் கதையைத் தேர்ந்தெடுத்து, சொந்த வார்த்தைகளில் மற்றவர்கள் முன்னிலையில் சொல்லவேண்டும். கேட்டவர்கள் தங்கள் அபிப்பிராயத்தைப் பெயர் போடாமல் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். மூன்று வாரம் கழித்து அதே கதையைத் திரும்பவும் சொல்லவேண்டும். மார்க்கு முதல் தடவைக்கும் இல்லை, இரண்டாந் தடவைக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவே மாணவி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள் என்பதற்குத்தான் மார்க்காம். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்த உபாத்தியாயினியை நாம் மனதுக்குள் மெச்சிக்கொண்டோம். நாம் படித்த காலத்தில் ஒரு கட்டுரை எழுதினால், சிவப்பு மையில் ஒரு சுழி விழும். அத்துடன் அந்தக் கட்டுரையின் ஆயுள் முடிந்துவிடும்.

கதையைத் தேர்ந்தெடுத்ததே ஒரு தனிக் கதை. முதலில் தெனாலிராமன் என்றாள். எல்லோருக்கும் தெரிந்தது என்று விட்டுவிட்டாள். பிறகு விக்கிரமாதித்தன், அதுவும் அப்படியே. அப்புறம் எங்கிருந்தோ கதைகளின் அட்டவணை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்லாந்து தேசத்து ஆன்ட்டி ஆர்னே என்பவர் 1910-இல் வகுத்து, அமெரிக்கரான ஸ்டித் தாம்ஸன் 1928-இலும் 1961-இலும் விரிவாக்கி, ஜெர்மானியரான ஊத்தர் 2004-இல் திருத்திய பெரிய அட்டவணை அது. உலகத்துக் கதைகளுக்கெல்லாம் அதில் நம்பர் உண்டு. 'சின்டரெல்லா'வுக்கு 510ஏ. நம்பர் உள்ள கதையாய் எடுத்தால் கௌரவமாயிருக்கும் என்பது பெண்ணின் எண்ணம். "நம்பர் இருக்கிறது என்பதற்காக யாராவது ரயிலில் ஏறுவார்களா? எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று முதலில் யோசித்துக்கொள்" என்று சொல்லி, நமது அலமாரியிலிருந்து ஏ. கே. ராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாடோடிக் கதைத் தொகுதியை எடுத்துக் கொடுத்தோம். மைசூரில் 1929-இல் பிறந்து, சிகாகோ சர்வகலாசாலையில் வெகு காலம் பேராசிரியராயிருந்து, 1993-இல் மறைந்த அந்தப் பெரியவர், 22 பாஷைகளிலிருந்து 110 கதைகளை அதில் திரட்டியிருக்கிறார். அவற்றுள் ஒரு தமிழ்க் கதையைப் பெண் பிடித்துக்கொண்டாள். ஏன் அந்தக் கதை என்று கேட்டதற்கு, "அதுதான் மாமா ரொம்பச் சின்னதாயிருந்தது!" என்று உள்ளதைச் சொன்னாள்.

சின்னக் கதைதான். ஒரு விதவைக் கிழவி. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள். நால்வரும் அவளைப் படாத பாடு படுத்துகிறார்கள். தன் குறையைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒருவரும் இல்லை. சொல்லாத குறையெல்லாம் உள்ளேயே தங்கித் தங்கி அவள் உடம்பு பருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் வீட்டில் பரிகாசம். ஒரு நாள் கால் போன போக்கில் ஊருக்கு வெளியே நடந்து, கூரையில்லாத ஒரு பாழும் வீட்டுக்குள் நுழைகிறாள். இனித் தாங்காது என்று, எதிரே இருந்த சுவரிடம் மூத்த பிள்ளை செய்த அநியாயங்களைச் சொல்லி முடிக்கிறாள். பாரம் தாங்காமல் அந்தச் சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடம்பும் கொஞ்சம் லேசாகிறது. அடுத்த சுவரிடம் மூத்த மருமகளைப் பற்றிச் சொல்கிறாள். மூன்றாவதிடம் இளைய பிள்ளையைப் பற்றி. நாலாவதிடம் இளைய மருமகளைப் பற்றி. நாலும் விழுந்துவிடுகின்றன. இடிபாட்டின் நடுவே மனமும் உடம்பும் லேசாகி நின்ற கிழவி, வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' பெண்ணுக்குப் போதவில்லை. முதல் தடவை சொன்னபோது, பிள்ளைகள் இருவரும் ஓடிவந்து தாயின் காலில் விழுவதாகவும், மருமகள்கள் கண்ணீர் வடிப்பதாகவும் சேர்த்துவிட்டாள். கிழவியின் பருமனைப் பற்றிச் சிரிப்பு மூட்டும் வர்ணனை வேறு. அதன் பலன்தான் நமது மேஜைமேல் கிடந்தது.

துண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். பதினொன்றில் 'நன்றாயிருந்தது' என்று இருந்தது. உலகத்திலேயே உபயோகமற்ற வார்த்தை இது என்பது நமது அபிப்பிராயம். திட்டினாலாவது எங்கே பிழை என்று தெரியும். 'நன்றாயிருந்தது' என்பவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? இரண்டில், பிள்ளைகளுக்குத் தண்டனை போதாது, போலீஸாரை வரவழைக்கலாம் என்ற யோசனை. ஒன்றில், முடிவு சினிமா மாதிரி இருப்பதாகப் புகார். மற்றொன்றில், முடிவு சினிமா மாதிரி இருப்பதாகப் பாராட்டு! பருத்த உடம்பைப் பரிகசிப்பது அநாகரிகம் என்று மூவர் கண்டித்திருந்தார்கள். 'அவ்வளவு பட்டவள் ஏன் வீட்டுக்குத் திரும்பினாள்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். கடைசியில் ஒரு சின்னத் துண்டு, பென்ஸிலால் எழுதியது: 'சுவரிடம் அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள் சொல்லவே இல்லையே?'

"கேட்பவர்கள் ஆசைப்பட்டபடி கதையை மாற்றினால் தப்பா, மாமா?" என்று கேட்டாள் பெண். அவளுக்குக் கிரிம் சகோதரர்களின் சமாசாரத்தைச் சொன்னோம்.

ஜெர்மனியில் அந்தச் சகோதரர்கள் 1812-இல் 86 கதைகளும் 1815-இல் 70 கதைகளுமாக இரண்டு பாகங்கள் வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக் குறிப்புகளுடன் கூடிய அந்தப் புத்தகம் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று கண்டனம் எழுந்தது. தம்பி வில்ஹெல்ம் கண்டனத்துக்குச் செவி சாய்த்தார். 1857-இல் வெளியான ஏழாம் பதிப்பு வரையில் பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே போனார். லண்டனில் 1823-இல் படங்களுடன் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு நன்றாக விலைபோனதைப் பார்த்து, 1825-இல் 50 கதைகள் கொண்ட சிறு பதிப்பு ஒன்றும் போட்டார்கள். அதற்குப் படம் எழுதியவர் அவர்களுடைய இன்னொரு சகோதரர். இதெல்லாம் கேட்டுக் கற்றுக்கொண்ட லாபம். வில்ஹெல்மின் கை பட்ட பிறகுதான் அந்தக் கதைகளை உரக்கப் படிக்க அத்தனை சுகமாயிற்று என்பதையும் மறுக்க முடியாது.

நஷ்டமும் உண்டு. முதல் பதிப்பில், பெண்ணின் அழகைக் கண்டு பொறாமைப்பட்டு அவளைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாயே. 1819-இல் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். 'ஹான்ஸலும் கிரெட்டலும்' கதையில் பஞ்சம் தாங்காமல் குழந்தைகளைக் காட்டில் விடச் சொன்ன தாயும் 1840-இல் மாற்றாந்தாய் ஆனாள். பெற்றவளின் மானம் காப்பாற்றப்பட்டது; பஞ்சம் பெற்றவளைக்கூட என்ன பாடு படுத்தும் என்ற பயங்கரம் கதையிலிருந்து கழன்றுவிட்டது. கோபுரத்தில் அடைபட்ட ராபுன்ஸலின் கதை இன்னும் வேடிக்கை. முதல் பதிப்பில் அவள், 'என் உடைகள் ஏன் இறுகிக்கொண்டே வருகின்றன?' என்று வெகுளியாகக் கேட்டு, ராஜகுமாரன் வந்துபோகும் ரகசியத்தை வெளியிட்டுவிடுகிறாள். கர்ப்பம் என்ற பேச்சு கூடாது என்று அதை எடுத்துவிட்டு, 'ராஜகுமாரனைவிட உன்னைத் தூக்குவது ஏன் இவ்வளவு பாரமாயிருக்கிறது?' என்று கிழவியையே அவள் கேட்பதாய்ப் பிற்பாடு மாற்றினார்கள். ஒழுக்கம் பிழைத்தது, பெண்தான் அசடாகிவிட்டாள்.

பெண் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நான் பிள்ளைகளைக் காலில் விழச் சொன்னதும் அந்த மாற்றாந்தாய் வேலைதான், இல்லையா?" என்றாள்.

நாம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வைத்தியரிடம் போகிறவர் 'இந்த இடத்தில் வலிக்கிறது' என்றால் அதை நம்பத்தான் வேண்டும். மருந்தின் பெயரையும் அவரே சொன்னால் சற்று யோசிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னோம். துண்டுகளை அவளே இரண்டு குவியலாகப் பிரித்தாள். போலீஸார் மருந்துக் குவியலுக்குப் போனார்கள். பருமனைக் கண்டித்தவர்களை என்ன செய்வது என்று தயங்கினாள். உடம்பு பருப்பதை எடுத்துவிட்டால் கதையின் அச்சாணியே போய்விடும்; சொல்லாத சொல்லின் எடைதானே அது! கடைசியில், பருமன் இருக்கட்டும், பரிகாசத்தை மட்டும் தன் வாயால் சொல்லாமல் மருமகள்களின் வாயில் போட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். நமக்கே தோன்றாத யுக்தி.

மிஞ்சியது பென்ஸில் துண்டு. நாலு சுவரிடமும் கிழவி என்ன சொன்னாள்? புத்தகத்தில் அது இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அதை எப்படி இட்டுக்கட்டத் தெரியும்? 'அடித்தான், உதைத்தான், சோறு போடவில்லை' என்று எழுதிப் பார்த்தாள்; நாடக நோட்டீஸ் மாதிரி இருந்தது. "உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரே, கேட்டுப் பாரேன்" என்றோம். விளையாட்டாகத்தான் சொன்னோம்.

அதற்கப்புறம் நடந்ததைப் பெண் வந்து சொன்னபோது அவள் குரல் அவ்வளவு சரியாயில்லை. பாட்டி முதலில், "கதைக் கிழவி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கென்னடி தெரியும், கண்ணு?" என்றாளாம். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே ஆரம்பித்தாளாம்: "அவள் பிள்ளை சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, 'அம்மா சாப்பிட்டாளா?' என்று பெண்டாட்டியைக் கேட்பான். கிழவி எதிரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளைக் கேட்கமாட்டான்." பெண் மளமளவென்று எழுதிக்கொண்டாள். "காது மந்தம் என்று எல்லோரும் அவளிடம் கத்திப் பேசுவார்கள். அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் மெதுவாய்ப் பேசுவார்கள். அந்த மெதுப் பேச்சுத்தான் நன்றாய்க் கேட்கும்." பிறகு, "கண் ஆபரேஷனுக்கு நாள் வைத்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேலைக்காரிக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் விடியற்காலையில் எழுப்பிச் சொன்னார்கள்."

'அவள்' எந்த இடத்தில் 'நான்' ஆனாள் என்பதைப் பாட்டி கவனித்ததாகத் தெரியவில்லை. பெண்ணின் பேனா நின்றுவிட்டது. நமது நண்பர் அடுத்த அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாராம். வெகு நேரம் பக்கம் புரளும் சத்தமே கேட்கவில்லையாம்.

"இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லலாமா, மாமா?" என்று கேட்டாள் பெண்.

"நம்மைக் கேட்டு என்ன பிரயோஜனம்? குறை யாருடையதோ அவரைக் கேள்" என்றோம். கேட்டிருக்கிறாள். பாட்டி யோசித்து, "செருப்பைச் சொல்லிக்கொள். காதையும் சொல்லிக்கொள். கண் ஆபரேஷனை மட்டும் விட்டுவிடு, உன் அப்பன் காதில் விழுந்தால் வருத்தப்படுவான்" என்று உத்தரவு கொடுத்தாளாம்.

இரண்டாந் தடவைக்கு முந்தின நாள் சாயங்காலம் நமது வீட்டுக் கூடத்திலேயே ஒத்திகை நடந்தது. சபையோர் நாம், நமது வீட்டார், பாட்டி, வாசற்படியருகில் நின்றுகொண்டே கேட்ட நண்பர். முதல் சுவர் விழும் இடத்தில் பெண் கையைத் தட்டி 'தடால்!' என்றாள். உடனே பாட்டி கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"எந்தச் சுவருடி அப்படி விழும்? நீ மண்சுவர் விழுந்து பார்த்ததே இல்லை. முதலில் மேலேயிருந்து பொடி உதிரும். யாரும் கவனிக்கமாட்டார்கள். அப்புறம் ஒரு விரிசல். அப்புறம் கொஞ்சம் சாயும், சாய்ந்தபடியே நிற்கும். கடைசியில் அப்படியே உட்கார்ந்துவிடும். சத்தம் அதற்கப்புறம்தான்."

பெண் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டாள். கையோடு, 'ஏன் வீட்டுக்குத் திரும்பினாள்?' என்று வகுப்பில் ஒருவர் கேட்டதையும் பாட்டியிடம் சொன்னாள்.

"பின்னே எங்கே போவாள்? இருட்டப் போகிறதே!" என்றாள் பாட்டி.

மறுநாள் வகுப்பில் கதை அந்த இடத்திலேயே முடிந்தது. யாரும் யார் காலிலும் விழவில்லை. இந்தத் தடவையும் 23 துண்டுகள் வந்தன. 'நன்றாயிருந்தது' மூன்றுதான். இரண்டில், கதை இழுத்துக்கொண்டே போயிற்று என்று இருந்தது. பொடி உதிர்வதைக் கொஞ்சம் சுருக்கலாம் என்று பெண்ணும் ஒப்புக்கொள்கிறாள். நாலு துண்டுகளில் ஒன்றுமே எழுதவில்லை. வெறுங் காகிதத்துக்கு என்ன அர்த்தம் என்று நம்மைக் கேட்டாள். அவளுடைய உபாத்தியாயினியைக் கேட்கச் சொல்லிவிட்டோம். மார்க்கு இன்னும் வரவில்லை.

அடுத்த பருவத்துக்கு வேறொரு கதை வேண்டுமாம். இந்தத் தடவை அட்டவணையும் வேண்டாம், நமது அலமாரியும் வேண்டாம் என்கிறாள். பாட்டிக்கு அவள் பிறந்த ஊரில் கேட்ட கதை ஒன்று ஞாபகம் இருக்கிறதாம். ஆனால் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொல்லமாட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கல்யாணத்துக்குப் போகிறார்கள், பெண் போகவில்லை.