உங்கள் முகத்தின் நிறத்தைக் கைப்பேசி முடிவு செய்யலாமா?

தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து இரவில் பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி ரதத்தைப் படம் எடுத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ரதம் வெளுத்துப் போயிருக்கும். பக்கத்தில் நடப்பவர்களின் முகங்கள் இருட்டில் கரைந்திருக்கும். நாம் கைப்பேசியைத் திட்டுவோம். ஆனால், அந்த முகங்களைக் கேமரா ஓரளவு பார்த்துத்தான் இருக்கிறது. படத்தை அவசரமாகச் சுருக்கியபோது அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டது.

கேமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. விழுந்த ஒளியின் அளவு மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு வடிகட்டி இருக்கும். நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஏனென்றால் நம் கண்ணும் பச்சையில்தான் கூர்மை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இந்த அளவுகளை அப்படியே சேமிப்பதுதான் ‘ரா’ கோப்பு. 14 பிட் ரா கோப்பில் ஒரு புள்ளிக்கு 16,384 ஒளிப்படிகள். ஜேபெக் படத்தில் நிறத்துக்கு 256தான். ஜேபெக்கில் இருண்ட முகத்தை வெளிச்சமாக்கினால் திட்டுத் திட்டாகத் தெரிவது இதனால்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ஜேபெக்கில் நிறத்தை முடிவு செய்வது கைப்பேசியின் மென்பொருள். கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கும் கைப்பேசிகளும் உண்டு. படச்சுருள் காலத்தில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’யில் இருந்ததும் வெள்ளைத்தோல் பெண்தான், கறுத்த முகங்கள் அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. நம் பாட்டியின் நிறம் என்ன என்பதை எங்கோ எழுதிய மென்பொருளிடம் ஏன் விட வேண்டும்? ரா கோப்பில் அந்த முடிவு உங்கள் கையில்.

எல்லாவற்றையும் ராவில் எடுக்கச் சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஜேபெக் போதும்! 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்றே 25 மெகாபைட்டைத் தாண்டலாம். நிரம்பி வழிந்த ஒளியை ராவாலும் மீட்க முடியாது. ஆனால், பள்ளிப் புகைப்படக் கழகங்கள் முதியவர்களின் படங்களையாவது ராவில் எடுத்து வைக்க வேண்டும் என்பேன்.

தீபாவளிக்கு முன் கிள்ளான் ஜாலான் துங்கு கிளானாவில் பல நிற விளக்குகளின் கீழ் சோதித்துப் பாருங்கள். கைப்பேசியில் ‘புரோ’ முறை இருந்தால் ராவும் ஜேபெக்கும் சேர்ந்தே பதிவாகும்படி வையுங்கள். வீட்டில் கணினியில் ‘டார்க்டேபிள்’ மென்பொருளில் திறக்கலாம், அது இலவசம். படத்தில் இருப்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிறத்தைச் சரிசெய்யுங்கள்.