பச்சைத் திரைக்கு மருதமுனைத் தறி காணாதா?



வீடியோப் பாடம் எடுக்கப் பச்சைத் திரை வேண்டுமென்றால் நாம் உடனே கொழும்புக்குத்தான் ஓர்டர் போடுகிறோம். மலிவாக வருவது பளபளக்கும் பொலியெஸ்டர். லைட் பட்டால் ஓரிடம் வெளிறும், ஓரிடம் கறுக்கும். மென்பொருளுக்கோ ஒரே சீரான பச்சை வேண்டும். கடைசியில் பிள்ளைகள் பார்ப்பது தோள் பாதி அறுந்த ஆசிரியரை.

தேவை மினுங்காத, நெருக்கமாக நெய்த, ஒரே சாயப் பருத்தித் துணி. அதை நெய்யும் கைகள் பக்கத்திலே மருதமுனையில் இருக்கின்றன. 2004 சுனாமி கரையைத் துடைத்த பிறகும் அங்கே தறிச் சத்தம் ஓயவில்லை.

"பருத்தி கசங்குமே" என்பார்கள். அயன் பண்ணி இழுத்துக் கட்டினால் போதும். "அகலம் காணாதே" என்பார்கள். இரண்டு துண்டை மூட்டி, மூட்டு ஆளுக்குப் பின்னால் மறைய விட்டால் சரி. பச்சை ஹிஜாப் அணியும் ஆசிரியைகள் பச்சைத் திரையில் கரைந்துவிடுவார்கள். அவர்களுக்கு நீலத்திலும் ஒன்று நெய்விக்கலாம்.

மேடைக்கு மேடை கைத்தறி எமது பாரம்பரியம் என்கிறோம். பெற்றார் தந்த பாடசாலைப் பணத்தை ஊருக்கு வெளியே அனுப்புகிறோம். நெசவாளிக்குப் பொன்னாடை வேண்டாம். ஓர்டர் கொடுப்போம்.