150 குதிரை போதாதா? விர்ட்டஸ் ஜிடி வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஒரு வீடு. வாசலில் ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி நிற்கிறது. மகன் லோன் போட்டு வாங்கிய கார். 9,000 கிலோமீட்டர்கூட இன்னும் ஓடவில்லை.

"அப்பா, கோயம்புத்தூர் போய் ரீமேப் பண்ணிட்டு சாயங்காலம் வந்துடுறேன்."

"அப்படின்னா?"

"இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்துறதுப்பா. 150 குதிரை 180 ஆயிடும்."

"இருக்குற 150 குதிரையை வெச்சுக்கிட்டு நீ எங்கடா போகப்போற?"

அப்பா கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால், ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கிய வீடுகளில் இந்தப் பேச்சு ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தே தீரும். 2022-ல் வந்த விர்ட்டஸ் ஜிடியிலும், அதன் உடன்பிறப்பான ஸ்கோடா ஸ்லாவியாவிலும் இருப்பது ஒரே 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 150 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் டார்க். நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் இவ்வளவு வேகம் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற ஆசையும் வருகிறது.

ரீமேப் செய்தால் உண்மையிலேயே பவர் கூடுமா?

கூடும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றை உள்ளே தள்ள வேண்டும், எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி போட வேண்டும் என்பதையெல்லாம் இசியு என்ற சின்ன கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. மட்டமான பெட்ரோல், 42 டிகிரி வெயில், சர்வீஸையே மறந்துவிட்ட ஓனர் என எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்பதால் கம்பெனி கொஞ்சம் இடம் விட்டுத்தான் அமைத்துக் கொடுக்கும். ரீமேப் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 180 பிஎஸ், 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் என்று கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் பொய் இல்லை.

சிக்கல் இன்ஜினைவிட கியர்பாக்ஸில்தான். இந்த காரின் ஆட்டோமேட்டிக் வேரியன்ட்டில் இருப்பது ஏழு ஸ்பீடு டிஎஸ்ஜி. மெக்கானிக்குகள் டிகியூ200 என்று சொல்வது இதைத்தான். இரண்டு உலர் கிளட்ச் கொண்ட இந்தப் பெட்டி தாங்கும் என்று வடிவமைப்பில் சொல்லப்பட்ட டார்க் 250 நியூட்டன் மீட்டர். இன்ஜின் கம்பெனியில் இருந்து வரும்போதே கொடுப்பதும் அதே 250! அதாவது, காகிதக் கணக்குப்படி மிச்சம் எதுவும் இல்லை. ரீமேப் செய்த மறுநாளே உடைந்துவிடாது. ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால், 300-ஐத் தாண்டிய டார்க்கைத் தினமும் வாங்கும் கிளட்ச் சீக்கிரம் தேயும். டிஎஸ்ஜி கிளட்ச் செட்டோ மெக்கட்ரானிக் யூனிட்டோ போனால், பில் ரீமேப் செலவைப்போலப் பல மடங்கு வரும். மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் கிளட்ச் மாற்றுவதோடு போய்விடும். கொஞ்சம் ஆறுதல்.

பிரேக்கையும் பார்க்க வேண்டும். விர்ட்டஸ் ஜிடியில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 150 பிஎஸ்ஸுக்கு அது போதும் என்று கம்பெனி முடிவு செய்திருக்கிறது. பவரைக் கூட்டுபவர்களில் எத்தனை பேர் பிரேக்கைப் பற்றி யோசிக்கிறார்கள்?

பழைய சாஃப்ட்வேரை மறுபடி போட்டுவிட்டு சர்வீஸுக்கு விட்டால் தெரியாதே?

தெரியும். ஃபோக்ஸ்வேகன் குழும கார்களில் சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டரை இணைத்தவுடன், இசியுவில் இருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனி கொடுத்ததுதானா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தவில்லை என்றால் அந்த காரின் பெயரில் 'டிடி1' என்ற குறி விழும். அதன் பிறகு இன்ஜின், கியர்பாக்ஸ், டர்போ எதற்கும் வாரன்டி கேட்டுப் போராட வேண்டியதுதான். சாஃப்ட்வேர் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கையும் இசியு வைத்திருக்கும். பழையதைத் திரும்ப எழுதினால் அந்தக் கணக்கு குறையாது, இன்னும் ஒன்று கூடத்தான் செய்யும்.

'ட்யூனிங் பாக்ஸ்' என்று ஒன்று உண்டு. இசியுவைத் தொடாமல், சென்சார் வயருக்கு நடுவில் மாட்டுவது. டர்போ அழுத்தம் குறைவாக இருப்பதாக இசியுவிடம் பொய் சொல்லி, அதிக அழுத்தம் கொடுக்க வைக்கும். கழற்றி வைத்தால் சாஃப்ட்வேரில் அடையாளம் இருக்காது என்பது உண்மை. ஆனால், தேய்ந்த கிளட்ச் தேய்ந்ததுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். பெயின்ட் நிறத்தை முழுதாக மாற்றுவதென்றாலும் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சியில் ஏற்ற வேண்டும்.

ரோட்டில் நிறுத்திச் சோதிக்கும் காவலருக்கு சாஃப்ட்வேர் கண்ணில் படாது. அது பெரும்பாலும் வெளியே வருவது விபத்துக்குப் பிறகுதான். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்போது, பாலிசி எடுத்த காரும் எதிரே நிற்கும் காரும் ஒன்றில்லை என்றால், சொந்த சேதத்துக்கான க்ளெய்ம் சிக்கலாகும். எந்த மாற்றம் செய்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஒப்புக்கொண்டதற்கான கடிதத்தை வாங்கி வைப்பது ஒன்றுதான் வழி. லோன் இன்னும் நான்கு வருடம் பாக்கி இருக்கும் காருக்கு இதை யோசிக்காமல் இருக்க முடியாது. வாரன்டி முடியும்வரை ரீமேப் பக்கம் போகாமல் இருப்பதே சேலத்து வீட்டுக்குச் சொல்லக்கூடிய பதில்.

அப்படியானால் எதில்தான் காசு போடலாம்?

டயரில். பவரைக் கூட்டும் எந்தப் பொருளைவிடவும் நல்ல டயர்தான் காரை மாற்றிக் காட்டும். வளைவில் பிடிப்பு, மழையில் பிரேக், ரோட்டுச் சத்தம் என எல்லாமே அதில் அடங்கியிருக்கிறது.

இந்த காரின் டயர் அளவு 205/55 ஆர்16. அதே 16 இன்ச் வீலில் 225/50 போட்டால் டயரின் மொத்த விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. ஸ்பீடோமீட்டரும் சரியாகவே காட்டும். அகலம் கூடுவதால் ஸ்டீயரிங் சற்று கனமாகும், மைலேஜ் லேசாகக் குறையும். 17 இன்ச் அலாய் ஆசை இருந்தால் 225/45 ஆர்17 கணக்குக்குச் சரியாக வரும். ஆனால், டயரின் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டரில் இருந்து 101-ஆகக் குறைந்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போது அலாய் வீலைக் காப்பாற்றுவது அந்த 12 மில்லிமீட்டர்தான். நம் ஊர் ரோட்டுக்கு 16 போதும்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. '1423' என்றால் 2023-ம் ஆண்டின் 14-வது வாரம். 'புது டயர்' என்ற பெயரில் இரண்டு வருடம் கடையில் கிடந்தது வந்துவிடக் கூடாது. இன்னொன்று, லோடு எண் 91. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அதைவிடக் குறைந்த எண் உள்ள டயர் விலை மலிவு என்றாலும் வேண்டாம்.

காரைத் தாழ்த்தினால் அழகாக இருக்குமே?

அழகுதான். ஆள் ஏறாத நிலையில் இந்த காரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மில்லிமீட்டர். ஐந்து பேரும் லக்கேஜும் ஏறினால் அது கணிசமாக இறங்கும். இதற்கு மேல் 30 மில்லிமீட்டர் குறைக்கும் ஸ்ப்ரிங் போட்டால் என்ன மிஞ்சும்? இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிக் கட்டிய வேகத்தடையை யாராவது பார்த்திருந்தால் அதிர்ஷ்டசாலி. ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட மேட்டில் காரின் அடிவயிறு உரசும் சத்தம் ஓனரின் அடிவயிற்றில் கேட்கும்.

சைலன்சர், ஃபிலிம், லைட்?

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு 'டவுன்பைப்' மாட்டினால் புகை, சத்தம் இரண்டும் கூடும். இதற்கு 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு.

கண்ணாடியில் முன்னும் பின்னும் 70 சதவிகிதம், பக்கவாட்டில் 50 சதவிகிதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. ஒட்டும் ஃபிலிமையே உச்ச நீதிமன்றம் 2012-ல் தடை செய்தது. அதன் பிறகு விதிகள் திருத்தப்பட்டதைக் காட்டி, அளவுக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. அதை நடுரோட்டில் காவலருக்கு விளக்கிக்கொண்டிருப்பது யாருக்கும் சுலபமல்ல.

ஹாலோஜன் லைட்டுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் மலிவு எல்இடி பல்பை மாட்டினால், வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும். வேண்டவே வேண்டாம்.

சீட் கவர் போடுவதில் என்ன தப்பு?

இந்தக் கேள்வியைத்தான் வீட்டில் எல்லோரும் கவனிக்க வேண்டும். புது கார் வந்ததும் முதல் வேலையாக லெதர் சீட் கவர் தைத்துப் போடுவது பல குடும்பங்களின் வழக்கம். முன் சீட்டுகளின் வெளிப்பக்க ஓரத்தில் 'ஏர்பேக்' என்று ஒரு சின்ன டேக் இருக்கும். பக்கவாட்டில் யாராவது மோதினால், சீட்டின் தையலைப் பிளந்துகொண்டு அங்கிருந்துதான் ஏர்பேக் வெளியே வரும். இறுக்கமான கவர் அதை மூடியிருந்தால் பை விரிவது தாமதமாகலாம், தவறான திசையிலும் போகலாம். கவர் வேண்டும் என்றால், ஏர்பேக் இடத்தில் பிரியும் தையல் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கம்பெனி மேட்டுக்கு மேல் இன்னொரு மேட் போடுவதும் ஆபத்து. அது நகர்ந்து போய் ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். டேஷ்கேம் மாட்டுபவர்கள் வயரை வெட்டி ஒட்டாமல், கப்ளர் மூலம் இணைக்கச் சொல்ல வேண்டும். வயரை வெட்டினால் எலெக்ட்ரிக்கல் வாரன்டிக்கு வம்பு.

டிராஃபிக்கிலும் மலையிலும் டிஎஸ்ஜியை எப்படி ஓட்டுவது?

உலர் கிளட்ச்சுக்கு ஊர்ந்து போவது ஆகாது. மேனுவல் காரில் அரை கிளட்ச்சில் நிற்பதும் இதுவும் ஒன்றுதான். இங்கே அதை கம்ப்யூட்டர் செய்கிறது, அவ்வளவே. முன்னால் இருக்கும் கார் ஒரு அடி நகர்ந்தால் நாமும் ஒரு அடி நகராமல், கொஞ்சம் இடைவெளி விழவிட்டு ஒரேயடியாகப் போவது நல்லது. நிற்கும்போது பிரேக்கை நன்றாக மிதித்தால் கிளட்ச் முழுதாக விலகும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக் காரைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிட வேண்டும். அங்கே ஹேண்ட் பிரேக் போதும்.

சேலத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஏற்காடு இருக்கிறது, 20 கொண்டை ஊசி வளைவுகளோடு. கொல்லிமலையில் 70. ஏறும்போது இந்த இன்ஜினுக்கு வேலையே இல்லை என்பதுபோல் ஏறும். பிரச்னை இறங்கும்போதுதான். 'டி'யில் விட்டால் பெட்ரோலை மிச்சப்படுத்த கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போய்விடும். காரைப் பிடிக்கும் மொத்த பாரமும் பிரேக்கில் விழும். கியர் லீவரை 'எஸ்'க்கோ மேனுவல் மோடுக்கோ மாற்றி, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இன்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, பிரேக் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும். மேலே ஏறி முடித்தவுடன் சட்டென்று இன்ஜினை அணைக்காமல், கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் டர்போவும் ஆறிவிடும்.

100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் வேகம் கூடுமா?

ஸ்டாக் காரில் போட்டால் காசுக்குப் பிடித்த கேடு. பெட்ரோல் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த ஆக்டேன், எவ்வளவு எத்தனால் என்று எழுதியிருக்கும். அதைப் பின்பற்றினால் போதும். கடும் கோடையில், முழு லோடோடு மலை ஏறப் போகும்போது மட்டும் 95 போடுவதில் அர்த்தம் உண்டு. இ20 வந்த பிறகு மைலேஜ் குறைந்ததாகச் சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு.

வேகமாக ஓட்ட ஆசைப்பட்டால் எங்கே போவது?

ரேஸ் டிராக்குக்கு. கோவை செட்டிபாளையத்தில், பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் நீளம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இன்னொன்று. சொந்த காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்களை ஏற்பாட்டாளர்கள் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். ஹெல்மெட் கட்டாயம் தேவைப்படும். பிரேக் ஆயில் புதிதாக இருக்க வேண்டும். பழைய ஆயில் சில சுற்றுகளிலேயே கொதித்து, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். முக்கியமாக, வழக்கமான மோட்டார் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. டிராக்கில் சுவரில் இடித்தால் செலவு முழுக்க ஓனர் தலையில். பாலிசியின் 'பயன்பாட்டு வரம்புகள்' பகுதியைப் படித்துவிட்டு அப்பாவிடம் சாவி கேட்கலாம்.