கழிவு இடம் மாறினால் போதுமா?

தோல் கழிவுநீரால் பாலாற்றுப் பக்கம் கிணறுகள் உப்புக் கரித்தன. மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மாசு செய்தவரே நஷ்டஈடு கட்டணும் என்று 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு கட்டாயமாச்சு.

சரி, மிஞ்சும் சேறு எங்கே போகும்? தொட்டியில் தேங்கியது. 2015 ஜனவரி 31-ந் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் அந்தத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து தோல் ஷாப்பில் தூங்கிய தொழிலாளர்களைச் சேறு மூடியது. 10 பேர் பலி!

ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை. தண்ணீருக்கு ஒரு ஆபீஸ், சேற்றுக்கு ஒரு ஆபீஸ், நோய்க்கு ஆஸ்பத்திரி என்று பிரித்துப் பார்த்தால் இதுதான் கதி. தோலில் தூவும் உப்பு முதல் வீட்டுக் குடம் வரை எல்லாம் ஒரே சங்கிலி.

ஆரம்பத்திலேயே கை வைக்க வேண்டும். உப்பு சுத்திகரிப்பில் லேசில் போகாது. ஊறப்போடும் முன்பே தோலை உதறி அதைத் தனியே எடுக்கலாம். குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் உத்தரவு போட்டது. இன்னும் எத்தனை உத்தரவு?

திமிரியிலிருந்து பஸ் ஏறி ஷாப்புக்குப் போகிறவர்களுக்குக் கூலியும் வேணும், குடிக்க நல்ல தண்ணியும் வேணும். எல்லா இலாகா அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்காரட்டும்!